சம்பளம் யார் பெயரில் விழுகிறது? அந்நிய நாட்டவரும் வங்கிக் கணக்கும்

மாதத்தின் முதல் வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பணம் அனுப்பும் கடைகளில் கூட்டம் நெரியும். உணவகத்தில் ரொட்டி தட்டுபவர், முடிதிருத்தகத்தில் வேலை செய்பவர், நகைப்பட்டறைத் தொழிலாளி எனப் பலரும் கையில் நோட்டுகளோடு வரிசையில் நிற்பார்கள். அவர்களில் சிலரிடம் வங்கி அட்டை இருக்கும். சிலரிடம் கணக்கு இருக்கும், ஆனால் அட்டை முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் இருக்கும். இன்னும் சிலரின் சம்பளம், உடன் தங்கியிருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரின் கணக்கில் விழுந்து, அவர் எடுத்துக் கொடுத்த பிறகே கைக்கு வரும்.

மூன்றும் ஒன்றல்ல. முதலாமவரின் பணம் அவருடையது. மற்ற இருவரின் பணம் இன்னொருவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று இது. அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும், அங்கிருந்து பெண்ணெடுத்த குடும்பங்களுக்கும், இன்னமும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் தோட்டப்புறத்துப் பாட்டிமார்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் சொல்வது என்ன?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு தொழிலாளியின் சம்பளம், சட்டப்படியான பிடித்தங்கள் போக, முழுவதும் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். அந்தக் கணக்கு தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும். அல்லது அவரே குறிப்பிடும் ஒருவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்காக இருக்கலாம். ரொக்கமாகவோ காசோலையாகவோ வேண்டுமென்றால், அதைத் தொழிலாளிதான் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். முதலாளியின் வசதிக்காக ரொக்கத்தில் கொடுப்பதற்கு அந்த விதி வழிவிடவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு.

அதே சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும். மலேசியருக்கு ஒரு சட்டம், அந்நியத் தொழிலாளிக்கு வேறொரு சட்டம் என்பது இங்கே கிடையாது.

சம்பளம் வங்கி வழியாகப் போனால் இரு தரப்புக்கும் சான்று கிடைக்கிறது. குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. அந்தத் தொகையைக் கொடுத்ததாக முதலாளியும், கிடைக்கவில்லை என்று தொழிலாளியும் சொன்னால், வங்கி அறிக்கை யார் பக்கம் நிற்கிறதோ அவர் பக்கமே வழக்கு சாயும். ரொக்கத்துக்கு அப்படிப்பட்ட சாட்சி கிடையாது.

கணக்குத் திறக்கக் கொண்டு போக வேண்டியவை

அந்நிய நாட்டவர் கணக்குத் திறப்பதற்கு மலேசியாவில் தடை இல்லை. ஆனால் யார், எந்த அனுமதியோடு நாட்டில் இருக்கிறார் என்பதை வங்கி உறுதிசெய்தாக வேண்டும். ஆகவே பொதுவாகக் கேட்கப்படுபவை இவை:

முதலாவது, அசல் கடப்பிதழ். நகலை வைத்துக்கொண்டு வங்கி ஒப்புக்கொள்ளாது. கடப்பிதழுக்கும் பெர்மிட்டுக்கும் இன்னும் சில மாதமாவது காலாவதி மீதமிருக்க வேண்டும் என்று பல கிளைகள் எதிர்பார்க்கும்.

இரண்டாவது, செல்லுபடியாகும் அனுமதி. தற்காலிக வேலைப் பெர்மிட், உயர்நிலை ஊழியருக்கான வேலை அனுமதி, மாணவர் அனுமதி, மலேசியரை மணந்தவருக்கான நீண்டகால வருகை அனுமதி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. சுற்றுப்பயண விசாவில் வந்தவருக்குப் பெரும்பாலான கிளைகளில் கதவு திறக்காது.

மூன்றாவது, முதலாளியின் கடிதம். இன்னார் இங்கே, இந்த வேலையில், இந்தச் சம்பளத்தில் இருக்கிறார், சம்பளம் இந்த வங்கி வழியாகச் செலுத்தப்படும் என்று நிறுவனத் தாளில் கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம். மாணவர் என்றால் கல்லூரிக் கடிதம். மனைவி என்றால் திருமணச் சான்றிதழும் கணவரின் மைகார்டும்.

நான்காவது, தங்குமிட முகவரி. வாடகை ஒப்பந்தமோ மின்சாரக் கட்டண ரசீதோ உதவும். கடை மாடியில் தங்கியிருப்பவருக்கு முதலாளியின் கடிதத்திலேயே முகவரி எழுதப்பட்டிருந்தால் சிக்கல் குறையும்.

ஐந்தாவது, சொந்தப் பெயரில் பதிவான கைப்பேசி எண். வங்கியின் எச்சரிக்கையும் இணைய வங்கிச் சேவையும் அந்த எண்ணை நம்பியே இயங்குகின்றன. முகவரின் எண்ணையோ முதலாளியின் எண்ணையோ கொடுத்தால், கணக்கின் சாவியை அவர்களிடம் கொடுத்ததாகவே ஆகும்.

தொடக்க வைப்புத்தொகை வங்கிக்கு வங்கி மாறும். உள்ளூர்க்காரரிடம் கேட்பதைவிட அந்நிய நாட்டவரிடம் கூடுதலாகக் கேட்கும் வங்கிகளும் உண்டு. ஒரு கிளை மறுத்துவிட்டால் அதோடு திரும்பிவிட வேண்டியதில்லை. முதலாளி எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறாரோ, அதே கிளைக்குப் போவது எளிதான வழி. அவரை வங்கிக்குத் தெரியும். கடிதத்தைச் சரிபார்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

விண்ணப்பப் பாரத்தில் ‘எந்த நாட்டில் வரி செலுத்துபவர்’ என்ற கேள்வி வரும். பலர் இதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். நிதிக் கணக்குத் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் உலகளாவிய ஏற்பாட்டில் மலேசியாவும் இந்தியாவும் சேர்ந்திருப்பதால் வரும் கேள்வி அது. உண்மையைச் சொன்னால் போதும். இந்திய வரி எண் இருந்தால் அதையும் எழுதலாம்.

கடப்பிதழும் அட்டையும் யார் கையில்?

அசல் கடப்பிதழ் இல்லாமல் கணக்கு இல்லை. ஆனால் அந்தக் கடப்பிதழே தொழிலாளியிடம் இல்லாத நிலை இன்றும் இருக்கிறது. ‘தொலைந்துவிடக்கூடாது என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்பது முதலாளிகள் பலர் சொல்லும் காரணம். 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, சட்டப்பூர்வ அதிகாரமின்றி இன்னொருவரின் கடப்பிதழைத் தன்வசம் வைத்திருப்பது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அடையாள ஆவணங்களைப் பறித்து வைப்பதும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதும் கட்டாய உழைப்பின் அடையாளங்களாக அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன.

தொழிலாளியின் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஊருக்கு ஓடிவிடுவார், கொடுத்த முன்பணத்தைக் கழிக்க வேண்டும் என்று காரணம் சொல்லப்படும். முன்பணம் கொடுத்திருந்தால் சட்டம் அனுமதிக்கும் அளவில் சம்பளத்தில் பிடிக்கலாம். அட்டையைப் பிடித்து வைக்க முடியாது.

இரக்கப்பட்டுக் கணக்கை இரவல் தருபவர்களுக்கு

உள்ளூர்த் தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ‘பாவம், ஊர்க்காரப் பையன். கணக்கு இல்லை. என் கணக்கில் வாங்கிக்கொள்ளட்டும்’ என்று ஒருவர் இரக்கப்படுகிறார். முதல் இரண்டு மாதம் சம்பளம் வருகிறது. மூன்றாம் மாதம் யாரென்று தெரியாத ஒருவரிடமிருந்து சில ஆயிரம் வெள்ளி வருகிறது. ‘நண்பன் அனுப்பியது, எடுத்துக் கொடுங்கள் அண்ணே’ என்கிறார் அந்தப் பையன். அது எங்கோ மோசடியில் பறிக்கப்பட்ட பணமாக இருந்தால், போலீஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். பையனையே வேறு யாரோ ஏமாற்றியிருக்கலாம். ஆனால் வங்கி ஆவணத்தில் இருப்பது அண்ணனின் பெயர்.

கழுதைக் கணக்கு என்று செய்திகளில் வருவது இதுதான். 2024ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத் தொகுப்பில் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள், தன் கணக்கையோ அட்டையையோ சட்டப்பூர்வ காரணமின்றிப் பிறரிடம் ஒப்படைப்பதையும், பிறருடைய கணக்கையோ அட்டையையோ தன்வசம் வைத்திருப்பதையும் தனிக் குற்றங்களாக்கின. அபராதமும் சிறையும் உண்டு. சில நூறு வெள்ளிக்கு அட்டையை வாடகைக்கு விடும் இளைஞர்களுக்கும் இதே சட்டம்தான்.

அந்நியத் தொழிலாளிக்கு இதில் ஆபத்து இன்னும் அதிகம். நாடு திரும்பும் முன் ‘இனி உனக்கு எதற்கு, எனக்குக் கொடு’ என்று 200, 300 வெள்ளிக்கு அட்டையை வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு அந்தக் கணக்கில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவரது கடப்பிதழ் எண்தான் பொறுப்பு. மீண்டும் மலேசியாவுக்கு வர நினைக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

உதவ நினைப்பவர் கணக்கை இரவல் தர வேண்டாம். அரை நாள் விடுப்பு எடுத்து அவரை வங்கிக்கு அழைத்துச் செல்லலாம். பாரத்தை நிரப்பித் தரலாம். மலாய் தெரியாதவருக்கு முகப்பில் மொழிபெயர்த்துச் சொல்லலாம். அதுவே பெரிய உதவி.

அனுமதி முடிந்தால் கணக்கும் முடங்கலாம்

கணக்குத் திறந்ததோடு வேலை முடிவதில்லை. அந்நிய நாட்டவரின் கணக்கு அவரது கடப்பிதழ் எண்ணோடும் அனுமதிக் காலத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறும். பெர்மிட் புதுப்பிக்கப்பட்டால் தேதி மாறும். இரண்டையும் வங்கிக்குத் தெரிவிக்காவிட்டால் ஒருநாள் அட்டை வேலை செய்யாமல் போகலாம். சம்பளம் உள்ளே வந்திருக்கும், வெளியே எடுக்க முடியாது. புதிய கடப்பிதழ் வாங்கிய வாரமே பழையதையும் புதியதையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்விடுவது நல்லது.

கைப்பேசியும் அப்படியே. குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணுக்குப் பதிலாக வங்கிச் செயலி வழி உறுதிப்படுத்தும் முறைக்கு மாறும்படி 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசி என்பதும், புதிய கைப்பேசியைப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதனோடு வந்த பாதுகாப்புகள். கைப்பேசியை விற்பதற்கு முன்போ மாற்றுவதற்கு முன்போ வங்கிச் செயலியை நீக்கிவிட வேண்டும்.

வங்கியில் போட்ட பணம் பாதுகாப்பானதா என்று கேட்பவர்களும் உண்டு. மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம், அதன் உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை காப்புறுதி தருகிறது. வைப்பாளர் எந்த நாட்டவர் என்று அது பார்ப்பதில்லை. தனியாகப் பணம் கட்டவும் வேண்டியதில்லை.

இபிஎப் பணம் கணக்கைத் தேடி வரும்

சொந்தக் கணக்கு வேண்டும் என்பதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல், முறையான அனுமதியோடு வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா கட்டாயமாகியுள்ளது. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. வீட்டுப் பணியாளர்கள் இதில் அடங்கமாட்டார்கள்.

1,700 வெள்ளி சம்பளத்துக்கு மாதம் 34 வெள்ளி தொழிலாளியிடமிருந்தும் 34 வெள்ளி முதலாளியிடமிருந்தும் சேரும். ஆண்டுக்கு 816 வெள்ளி. ஐந்தாண்டு வேலை செய்தால் இலாப ஈவு சேராமலே 4,000 வெள்ளிக்கு மேல். வேலை முடித்து நாடு திரும்பும்போது அதை மீட்டுக்கொள்ள முடியும். அது ரொக்கமாகக் கையில் தரப்படாது, அவர் பெயரிலுள்ள கணக்குக்கே போகும். சம்பளத்தில் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதை இபிஎப் அறிக்கையில் அவரே பார்த்துக்கொள்ளலாம். வாரிசு யார் என்பதையும் அப்போதே பதிந்துவிட வேண்டும்.

2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வேலையில் விபத்து நேர்ந்தால் கிடைக்கும் பணத்துக்கும் சொந்தக் கணக்கு இருந்தால் அலைச்சல் குறையும்.

ஊருக்கு அனுப்பும் பணம்

பணம் அனுப்ப வங்கியும் இருக்கிறது, பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற பணச்சேவைக் கடைகளும் இருக்கின்றன. உரிமம் பெற்ற கடையின் முகப்பில் அதற்கான சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். ரசீது தருவார்கள். கடப்பிதழையும் கேட்பார்கள்.

எது மலிவு என்று பார்க்கக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. ‘கட்டணமே இல்லை’ என்று சொல்லும் இடத்தில் மாற்று விகிதம் குறைவாக இருக்கலாம். ஒரு வெள்ளிக்கு 10 காசு குறைந்தால் 1,000 வெள்ளி அனுப்பும்போது 100 ரூபாய் போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘நான் 1,000 வெள்ளி கொடுத்தால், ஊரில் எத்தனை ரூபாய் விழும்?’

உண்டியல் வழி அனுப்புவது இன்னமும் நின்றபாடில்லை. விகிதம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதே ஈர்ப்பு. 2011ஆம் ஆண்டு பணச்சேவைத் தொழில் சட்டப்படி உரிமமின்றி இத்தொழிலை நடத்துவது கடுங்குற்றம். அனுப்புபவருக்கு வேறொரு ஆபத்து. இங்கே கொடுத்த வெள்ளிக்கு ஈடாக அங்கே யாரோ ஒருவர் அம்மாவின் கணக்கில் ரூபாய் போடுவார். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. அது மோசடிப் பணமாக இருந்தால் அம்மாவின் கணக்கே முடக்கப்படக்கூடும். புகார் செய்யக் கையில் ரசீதும் இருக்காது.

இந்தியக் குடிமக்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டால், ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நாட்டு அந்நியச் செலாவணி விதி. வீட்டு வாடகை போன்ற ஊர் வருமானத்துக்கு என்ஆர்ஓ. அதன் வட்டிக்கு வரி பிடிக்கப்படும். இங்கிருந்து அனுப்பிச் சேமிக்கும் பணத்துக்கு என்ஆர்இ. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, வேண்டும்போது திரும்ப வெளிநாட்டுக்கும் எடுத்துவரலாம். ஓசிஐ அட்டை வைத்திருக்கும் மலேசியத் தமிழர்களும் இவ்விரு கணக்குகளைத் திறக்கலாம்.

செட்டியார் கிட்டங்கி முதல் இன்று வரை

அந்நிய மண்ணில் பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி நம் சமூகத்துக்குப் புதிதன்று. லெபோ அம்பாங் செட்டியார் கிட்டங்கிகளில் கொடுத்து வைத்தவர்களும், தபால் நிலையச் சேமிப்புப் புத்தகத்தில் சேர்த்தவர்களும் நம் முன்னோர். அந்தத் தபால் நிலையச் சேமிப்பே 1974இல் பேங்க் சிம்பானான் நேஷனல் ஆனது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மலாயாவிலும் கிளை பரப்பியது. 1969இல் இந்தியா பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கியது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிகளுக்கு மலேசியச் சட்டத்தில் இடமில்லாததால், அவ்வங்கியும் இந்தியன் வங்கியும் யுனைட்டெட் கமர்ஷியல் வங்கியும் இங்கிருந்த கிளைகளை ஒன்றிணைத்து 1970களின் தொடக்கத்தில் யுனைட்டெட் ஏசியன் வங்கி ஆனது. பிற்காலத்தில் அது இன்றைய சிஐஎம்பி குழுமத்தின் வேர்களில் ஒன்றானது.

சிவப்பு அட்டை வைத்திருப்பவர்களும் மருமகள்களும்

இங்கேயே பிறந்து, அல்லது சிறுவயதில் வந்து, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்ட முதியவர்கள் தோட்டங்களிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் இன்னும் இருக்கிறார்கள். நிரந்தரவாசிகளான இவர்களுக்கு வேலைப் பெர்மிட்டோ முதலாளி கடிதமோ தேவையில்லை. குடிமக்களைப் போலவே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு திறக்கும் உரிமை இவர்களுக்கு உண்டு. தொடக்க வைப்பு 20 வெள்ளி போதும். ‘சிவப்பு ஐசிக்கு முடியாது’ என்று யாராவது சொன்னால், கிளை நிர்வாகியைப் பார்த்து அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பால்மரம் வெட்டித் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி படிக்காமல் போவதும் உண்டு. வேறு வழியில் சரிபார்க்கும்படி அதிகாரியிடம் கேட்கலாம், வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகளுக்குக் கணவரோடு கூட்டுக் கணக்கு இருந்தால் போதும் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. அனுமதிப் புதுப்பிப்பும் கணவர் கையில், பணமும் கணவர் கையில் என்றால், அவர் நோயில் விழும்போதோ மறையும்போதோ அந்தப் பெண்ணின் நிலை என்ன? கூட்டுக் கணக்கோடு, அவர் பெயரில் தனிக் கணக்கும் ஒன்று இருப்பது பாதுகாப்பு.

நாடு திரும்பும் முன்

கடைசிச் சம்பளமும் இபிஎப் பணமும் எந்தக் கணக்குக்கு வரும் என்று உறுதி செய்துகொண்டு, அவை வந்த பிறகு மீதியை அனுப்பிவிட்டு, நேரில் போய்க் கணக்கை மூட வேண்டும். அட்டையை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். மூடாமல் விட்ட கணக்கில் ஏழாண்டுகள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால், அந்தப் பணம் கோரப்படாத பணமாக அரசாங்கப் பதிவகத்துக்குப் போய்விடும். அது தொலைந்துவிடாது, கோரிப் பெறலாம். ஆனால் ஊரிலிருந்து அதைச் செய்வது எளிதல்ல.

சிக்கல் வந்தால் செல்ல வேண்டிய இடங்கள்: சம்பளம் கணக்கில் விழவில்லை என்றால் தீபகற்ப மலேசியத் தொழிலாளர் துறை. வங்கி காரணமின்றி மறுத்தாலோ முடக்கினாலோ முதலில் அந்த வங்கியின் புகார்ப் பிரிவு, பிறகு பேங்க் நெகாராவின் 1-300-88-5465. பணம் மோசடியில் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே வங்கிக்கும் 997க்கும் அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் கடைமாடியில் தங்கி, இரவு பதினொரு மணிக்கு மேசை துடைத்துவிட்டுப் படுப்பவரின் உழைப்பு, அவர் பெயரில் ஒரு வரியாக வங்கியில் பதிவாக வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு கடப்பிதழும் ஒரு கடிதமும் அரை நாள் விடுப்பும்தான். அந்த மூன்றையும் மறுக்காமல் கொடுப்பது அவரை வேலைக்கு வைத்திருப்பவரின் கடமை.